பரணில் கிடந்த ஏர்கன்

நார்பர்ட் அந்த ஏர்கனைக் காதருகே பிடித்துக் குலுக்கினார். உள்ளே ஒரு பால்ரஸ் குண்டு உருண்டது.

"வயித்துல ஒண்ணு தங்கிப்போச்சு" என்று சிரித்தார்.

மேசைக்கு எதிரே அர்டித் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "எந்த வருஷத்துதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள்.

பழைய ஏர்கன் பைத்தியங்கள் மிச்சிகன் முழுவதிலிருந்தும் வந்து கூடும் அக்டோபர்ச் சனிக்கிழமை அது. கொட்டகை நிறைய மேசைகள், எண்ணெய் வாடை, சூடான ஆப்பிள் சாறு. துப்பாக்கியைப் பார்த்து வயசும் விலையும் சொல்பவர் நார்பர்ட். அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு விலை தெரியவேண்டும். அர்டித்துக்கு அது வேண்டாம்.

ஈஸ்டர் சமயத்தில் செத்துப்போன அவள் கணவன் கெரிட்டின் பரணில், தீவனச் சாக்குக்குள் சுருட்டிக் கிடந்தது இது.

"என்னோடதும்மா! அப்பா வாங்கித் தந்தாரு. சர்ச் ஜன்னலை உடைச்சேன்னு அன்னைக்கே புடுங்கிட்டாரு" என்று மகன் குதிக்காத குறை. ஐம்பதைத் தொடப்போகிறவன்.

அவள் தலையை ஆட்டிவைத்தாள். ஆனால் ஏர்கனின் மரப்பிடிக் கட்டையைத் தொட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அந்த வளைவு அவள் கைக்குத் தெரிந்த வளைவாக இருந்தது.

அவளுடைய அண்ணன் லைல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் குளிரில், இதே மாதிரி ஒரு ஏர்கனைத் தூக்கிக்கொண்டு உறைந்த ஏரிப் பக்கம் போனவன். திரும்பி வரவில்லை. அன்று இரவே பனி கொட்டித் தடத்தையெல்லாம் மூடிவிட்டது. பையனும் கிடைக்கவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை. பக்கத்துப் பண்ணைப் பையன் கெரிட் மட்டும், யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் அவனைப் பாக்கவே இல்ல" என்று ஷெரிப்பிடம் சொன்னான்.

வளர்ந்த பிறகு அந்தக் கெரிட்டைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

கெரிட் பிறந்து வளர்ந்த வீட்டில் பொம்மைத் துப்பாக்கிகூடப் பாவம். சிறுவயதில் அவன் ஒன்றையும் வைத்திருந்ததில்லை. ஆகவே இது ஐம்பத்து மூன்றுக்கு முந்தியது என்றால், லைலுடையது. பிந்தியது என்றால் மகன் சொல்வது சரி, அவளும் நிம்மதியாக விதவையாக இருக்கலாம்.

நார்பர்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குழலின் மேல் கட்டைவிரலை ஓட்டி எழுத்துகளைப் படித்தார்.

"கம்பெனி இங்கேருந்து அர்கன்சாசுக்கு மூட்டை கட்டுனது ஐம்பத்தெட்டுலக்கா. இதுல அந்த ஊர்ப் பேருதான் குத்தியிருக்கு. பெயின்ட்டைப் பாத்தா எழுபதுகள்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மனசுக்குள்ளேயே கெரிட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். பரணில் ஏறிய நாளிலிருந்து கல்லறைக்கு ஒரு பூக்கூடக் கொண்டுபோகவில்லை. நாளைக்கே போகவேண்டும்.

துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினாள். நார்பர்ட் தரவில்லை.

"இருங்க. இது ஒட்டுக் கேஸ். எழுபதுல வந்ததுக்குப் பிளாஸ்டிக் கட்டைதான் போட்டு வித்தான். இது அசல் வால்நட் மரம். இரும்புக்கு ஒரு வயசு, கட்டைக்கு ஒரு வயசு. யாரோ பின்னாடி மாட்டியிருக்காங்க."

அவள் வேண்டாமென்று சொல்வதற்குள் திருகாணியைக் கழற்றிக் கட்டையைத் தனியாக உருவிவிட்டார். வேலை தெரிந்தவர்களுக்கு இதுதான் வியாதி, நிறுத்தத் தெரியாது.

"கட்டை கொரியா சண்டைக் காலத்துச் சரக்கு, ஐம்பதுகள் ஆரம்பம். பழைய துளை பிஞ்சு வந்திருக்கு பாருங்க. ஒருத்தன் குழலைப் புடிச்சு, இன்னொருத்தன் கட்டையைப் புடிச்சு இழுத்தாத்தான் இப்படிப் பிய்யும். பசங்க சண்டை போட்டிருப்பானுங்க."

சண்டைதானா? இல்லை, ஏரியின் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போனவனுக்கு மேலேயிருந்து நீட்டியதா? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மண்ணுக்குள் இருந்தான். கட்டை கெரிட்டிடம் தங்கியிருக்க, குழலைப் பிடித்தபடி போனது யார் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நார்பர்ட் கட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். இரும்புக்குள் மறைந்திருந்த முனையில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு பெயர் சுடப்பட்டிருந்தது. பால் கேன், வைக்கோல் வாரி, ஏர்கன் என்று எதையும் விடாமல் அவளுடைய அப்பா சுட்டுவைத்த அதே கோணல் எழுத்து.

நார்பர்ட்டுக்குக் காது மந்தம். அவர் பேசினால் கொட்டகைக்கே கேட்கும்.

"லைல்! யாருக்கா அது, லைல்?"

டோனட் வரிசையில் நின்றிருந்த அவள் மகன் திரும்பிக் கையைத் தூக்கினான்.

"நான்தான்! ஏன், என் பேரா போட்டிருக்கு?"

அவன் முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலை உடைத்ததற்காகக் கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்த அப்பா, அவன் பெயரைச் சுட்டு வைத்திருந்தாரா என்று அவனுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

அவன் பிறந்த அன்று, லைலைத் தவிர வேறு பெயரே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் கெரிட்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் முழங்காலிட்டு, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதான். என் அண்ணனுக்காக இவ்வளவு அழுகிற மனுஷனா என்று உருகி, அன்றைக்குத்தான் அர்டித் அவனை முழு மனசோடு நேசிக்கத் தொடங்கினாள்.