மீன்கொத்தியின் முகம்

“இவனெல்லாம் ஒரு மல்லனாக்கா? உடம்பு நூறு கிலோவைத் தாண்ட வக்கில்லை. அதுக்கு ஜூனியர் ஹெவிவெயிட்னு ஒரு பேரு, ஒரு பெல்ட்டு வேற.”

ஷிகேனோ மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, காய்ந்த கணவாய் மீனை மென்றபடி வந்ததிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது காலை மடக்க முடியாமல் முன்னால் நீட்டி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒசாகாவின் அந்த அரங்கில் ஓர் இடம்கூடக் காலியில்லை. மேடையில் மீன்கொத்தி இருந்தார். நீல முகமூடி, நீலக் கால்சட்டை. பதினெட்டு வருடமாக அந்த முகமூடிக்குள் இருப்பது யார் என்று ரசிகர்கள் யாருக்கும் தெரியாது. இன்று தோற்றால் மேடையிலேயே அதைக் கழற்றி, முகத்தைக் காட்டி, சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் பந்தயம். எதிரே இனுகாய், கழுத்தில் நாய்ச்சங்கிலியோடு வருகிற முரடன்.

ஷிகேனோவுக்குச் சலவைக்கடை. மீன்கொத்தி ஒசாகாவுக்கு வரும் நாட்களில் மட்டும் கடைக்கு விடுமுறை. ஆட்டம் தொடங்கும்போது வழக்கப்படி எல்லோரும் நீலக் காகிதச் சுருளை மேடைக்கு வீசிவிட்டார்கள். அவளுடையது மட்டும் இன்னும் மடியில் இருந்தது. ஜெயித்த பிறகு வீசலாம் என்று வைத்திருந்தாள்.

“இன்னைக்குத் தோப்பான். எழுதி வெச்சுக்கோங்க” என்றான் அவன்.

“வாயில கணவாய் இருக்குல்ல தம்பி, அதை மட்டும் மெல்லுங்க.”

“மெல்றேன். ஆனா அவன் மூஞ்சியைக் காட்டினதும் இந்த அரங்கமே சிரிக்கும் பாருங்க. இதையா பதினெட்டு வருஷமா ஒளிச்சு வெச்சேன்னு கேப்பாங்க. மானமுள்ளவன் இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஏறவே மாட்டான்.”

“ஏறினவருக்கு மானம் இல்லை. உக்காந்து கணவாய் திங்கிறவருக்கு இருக்காக்கும்.”

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் கையிலிருந்த பீரை ஒரே மடக்கில் குடித்தான்.

மேடையில் மீன்கொத்தி மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி, இரண்டு முறை சுழன்று, கீழே நின்ற இனுகாய் மேல் பாய்ந்தார். அரங்கம் எழுந்து நின்றது.

“பாத்தீங்களா? அஞ்சாறு வருஷமா அவர் இப்படிப் பறந்ததே இல்லை” என்றாள் ஷிகேனோ.

முதல் முறையாக அவன் முகம் கறுத்தது. “பறக்கிறானாம். தவளை குதிக்கிற மாதிரி இருக்கு. முழங்கால் போனவனோட கஷ்டம் உங்களுக்கு என்னக்கா தெரியும்?”

“யாருக்கு முழங்கால் போச்சு?”

அவன் கணவாயை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான். பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்பினான். “முகமூடியைக் கழட்டினதும் பின்மண்டையைப் பாருங்க. பதினெட்டு வருஷம் நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டினா முடியா இருக்கும்? உச்சியிலேருந்து பிடரி வரைக்கும் ரயில் ரோடு போட்ட மாதிரி இருக்கும்.”

“கூடவே இருந்து பாத்த மாதிரி பேசறீங்க.”

“பாக்கணுமா? யோசிச்சாலே தெரியுது.”

இனுகாய் மீன்கொத்தியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைந்தான். அவர் மேலேயே படுத்துக்கொண்டான். நடுவர் தரையைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மீன்கொத்தி தோற்றுவிட்டார்.

நின்றிருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் மட்டும் எழுந்து நின்று, “கழட்டுடா, உன் அழகைப் பாக்கலாம்” என்று கத்தினான்.

மீன்கொத்தி மண்டியிட்டு நாடாவைத் தானே அவிழ்த்தார். முகமூடி கையோடு வந்தது. சாதாரண முகம். சின்னக் கண்கள், வீங்கிய உதடு. ஒலிவாங்கியை வாங்கினார்.

“என் பேரு மிசுகோஷி கனாமே.” முகமூடியை மார்போடு அணைத்துக்கொண்டார். “பதினெட்டு வருஷமா இந்த முகமூடி மேல நீங்க வெச்ச அன்புக்கு நன்றி.”

முகமூடியை மடித்துத் தரையில் வைத்து, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மேல் வரிசையிலிருந்து ஒருவர் “மிசுகோஷி” என்று கூப்பிட்டார். இன்னொருவர் கூப்பிட்டார். பிறகு ஆயிரம் பேர் நின்றுகொண்டு அந்தப் பெயரையே சொன்னார்கள். ஷிகேனோவின் கண்ணைக் கண்ணீர் மறைத்தது.

பக்கத்து நாற்காலிக்காரன் தொப்பென்று உட்கார்ந்தான். கணவாய்ப் பொட்டலம் கீழே விழுந்தது.

“பேரைச் சொல்லிட்டு இறங்குன்னுதானே அனுப்பினேன்” என்று முணுமுணுத்தான். பிறகு அவள் கையைப் பிடித்தான். “அக்கா, அந்தப் பதினெட்டு வருஷம் அவனோடது இல்லை. முகமூடியை அவன் இன்னைக்குத்தான் போட்டான்.”

“பின்னே, உங்களோடதா?”

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் திருப்பிக் காட்டினான். உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு முடிகூட இல்லாமல் ரயில் ரோடு ஓடியது.

மேடையில் மிசுகோஷி நாலு திசைக்கும் வணங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் முதுகு திரும்பியபோது, அடர்ந்த பின்தலை முடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது.

ஷிகேனோ அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“தொப்பியைப் போட்டுக்கோங்க தம்பி. பின்னாடி இருக்கிறவங்க சிரிக்கப் போறாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து, மடியிலிருந்த நீலச் சுருளை, “மிசுகோஷி” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டு மேடைக்கு வீசினாள்.