பீப்பர் காட்டிய திசை

லாதினா தப்பான பக்கம் திரும்பினாள்.

மலை விடுதியின் சுவரோரம் நின்று கூர்தின் பார்த்துக்கொண்டிருந்தான். மோதிரம் புதைந்து கிடப்பது வலப்பக்கச் சரிவில். அவளோ பீப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, பனிச்சறுக்குப் பலகையில் இடப்பக்கமாக நகர்ந்து வந்தாள்.

பனிச்சரிவில் புதைந்தவரின் நெஞ்சில் கட்டியிருக்கும் பீப்பர் அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். தேடுபவரின் பீப்பர் அதைப் பிடித்து அம்புக்குறி காட்டும். நேற்று மாலை கூர்தின் அப்படி ஒன்றை இயக்கி, மோதிரத்தோடு வால்நட் கேக் வந்த மரப்பெட்டியில் வைத்து, முழங்கை ஆழத்தில் புதைத்து, மேலே பனியைத் தடவி விட்டிருந்தான். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று வாயால் கேட்க, இந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

உச்சிக்குப் போய்த் திரும்பியதும், சும்மா ஒரு தேடல் பயிற்சி என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். ராத்திரி முழுக்க அடித்த காற்று அதைக் கெடுத்தது. வழிகாட்டியான லாதினா விடியலிலேயே வெளியே போய், பனியை வெட்டி அடுக்குகளைப் பார்த்துவிட்டு வந்தாள். மண்வெட்டியால் இரண்டு தட்டு தட்டியதுமே மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு போய்விட்டதாம். பனி சரியும் ஆபத்து, இன்றைக்கு உச்சி கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. அடுப்பருகில் உட்கார்ந்தும் கையுறையைக் கழற்றாமலே காபி குடித்தாள். மலை ஏற முடியாத நாளில் இவளுக்கு என்ன இவ்வளவு குஷி என்று கூர்தினுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டான். யார் கையும் படாத மாதிரி வழவழவென்று இருந்தது. பயிற்சியாவது செய்யலாமா என்று இழுத்தான். அவன் முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

இப்போது இடப்பக்கம் போகிறாள்.

அலை வளைந்துதான் வரும், அம்புக்குறியும் சுற்றிக்கொண்டுதான் போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். எப்படியும் திரும்பிவிடுவாள்.

அவள் திரும்பவில்லை.

விறகுக் குவியலைத் தாண்டினாள். பீப்பரின் கூவல் வேகமெடுத்தது. முறைப்படி குனிந்து, அதைப் பனியை ஒட்டிப் பிடித்தபடி வந்து, அவன் காலணியில் முட்டி நின்றாள். பிறகு முழங்கால், இடுப்பு என்று மெல்ல உயர்த்தினாள். நெஞ்சருகே அது வீறிட்டது.

கூர்தின் ஜாக்கெட்டைத் திறந்து பார்த்தான். அவனுடைய பீப்பர் அலை அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒருவர் தேடும்போது சுற்றி நிற்கும் எல்லோரும் தங்கள் பீப்பரைத் தேடும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால், நின்றுகொண்டிருப்பவனைத்தான் கண்டுபிடிப்பார்கள். புதைந்தவன் போய்ச் சேர்ந்துவிடுவான். ஊர் மீட்புக் குழுவுக்கு வரும் புதியவர்களிடம் இதை வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துவது சாட்சாத் கூர்தின்தான்.

"ஆள் கெடச்சாச்சு. உயிர் இருக்கு, மூளைதான் இல்ல" என்றாள் லாதினா.

அவனுக்குக் காதுவரை சிவந்தது. நான் இல்லை, அங்கே இன்னொன்று இருக்கிறது, அதை ஏன் உன் பீப்பர் காட்டவே இல்லை என்று ஏதேதோ உளறினான்.

"அதை நான் காலையிலயே அணைச்சுட்டேனே. பனியை வெட்டிப் பாக்க நான் எந்தச் சரிவுக்குப் போவேன்னு தெரியாதா உனக்கு? அங்கயே கொண்டுபோயா புதைப்ப?"

கேட்டுக்கொண்டே, விடிந்ததிலிருந்து கழற்றாத கையுறையைக் கழற்றினாள்.

மோதிரம் கொஞ்சம் பெரிது. கையுறை இல்லாவிட்டால் விரலில் நிற்கவே மாட்டேன் என்கிறதாம்.