ஐந்தாவது குட்டி

ஏரிக்கரையில் எலிக்கூண்டைத் திறக்கப்போன கணவன் அருளப்பனின் கையை ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்க. இதுக்குப் பால் கட்டியிருக்கு. வீட்ல குட்டிங்க இருக்கும்."

கூண்டோடு வீடு திரும்பித் தேடினார்கள். பரணில், பழைய தலையணைக்குள், கண் திறக்காத ஐந்து குட்டிகள் கிடந்தன. பஞ்சோடு ஏந்திக் கரைக்குக் கொண்டுவந்து, புதரோரம் வைத்துவிட்டுக் கூண்டைத் திறந்தார்கள். எலி பாய்ந்தோடி மறைந்தது.

"விட்டுட்டுப் போயிடுச்சே!" என்றான் அருளப்பன்.

ஜெசிந்தா புதரையே பார்த்தபடி நின்றாள். சற்று நேரத்தில் புதர் அசைந்தது. எலி வந்து ஒரு குட்டியைக் கவ்விச் சென்றது. இப்படியே மொத்தம் நான்கு முறை வந்துபோனது. பிறகு வெகுநேரம் வரவில்லை. தனியாகக் கிடந்த குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. தாழப் பறந்த காகத்தை ஜெசிந்தா கைவீசி விரட்டினாள்.

சருகு சலசலத்தது.

"வந்துட்டா" என்று சொல்லி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.