பிரமாதம் சார்

கட்டட நிறுவன முதலாளி நீட்டிய வரைபடத்தில் மூன்று மாடி இருந்தது. வேண்டுமென்றே படிக்கட்டை வரையாமல் விட்டிருந்தார். வேலை கேட்டு வந்த ஏழு பேரும் அதைப் பார்த்து, "பிரமாதம் சார்" என்று ஈயென இளித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

எட்டாவதாக வந்த பெண்தான் கேட்டாள். "மாடிக்கு எப்படி சார் ஏறுறது?"

அவள் வெளியே போனதும் மேனேஜர் நிமிர்ந்தார். "இந்தப் பொண்ணையே எடுத்துக்கலாம் சார்."

"வேண்டாம்யா. இப்பவே குறை சொல்றா, நாளைக்கு என் தலைமேலயே ஏறி உட்காருவா. மத்த ஏழு பேருக்கும் ஆர்டர் அடி."

"படிக்கட்டு இல்லாததுகூட அதுங்க கண்ணுல படலையே சார். சீன்னு இருக்கு."

முதலாளி வரைபடத்தை நிதானமாகச் சுருட்டினார்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி உனக்கும் இதே படத்தைத்தான்யா காட்டினேன். என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"