ஏழும் சைபரும்

போர்டில் தோட்ட முதலாளியின் பங்களாவுக்கு நேராகச் சிவப்பு மார்க்கரால் பெரிதாக ஏழு என்று எழுதிவிட்டு அதிகாரி திரும்பினார். "ஏழு உயிரும்மா. மிச்சமிருக்கிற ஒரே தண்ணி டேங்கர் அங்கதான் போகுது."

வயர்லெஸ் மேசையில் உட்கார்ந்திருந்தவள் போர்டையே பார்த்தாள். கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல்களைச் சாத்தியும் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. மலையில் மழை பெய்து எட்டு மாதம். காலையில் ஒரு சரிவில் பிடித்த தீ, மத்தியானத்துக்குள் மூன்று சரிவுகளைத் தின்றுவிட்டது. நான்கு டேங்கர்களில் மூன்று அங்கங்கே சிக்கிக்கொண்டன. நான்காவதை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா.

அந்த அறையின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்த வீட்டுக்கு நேராக ஆள் கணக்கு இருக்கிறதோ அங்கே வண்டி போகும். சைபர் போட்ட வீடு எரிந்தால் எரியட்டும்.

பழத்தோட்டத்து வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நேராகச் சைபர் இருந்தது. போட்டவளே அவள்தான். காலையில் தோட்ட மேனேஜர் போனில், "வேலையாளுங்க எல்லாரையும் லாரியில ஏத்தி அனுப்பியாச்சு, வீடெல்லாம் காலி" என்றார். அங்கே பழம் பறிக்கிற அம்மாவும் தப்பிவிட்டாள் என்ற நிம்மதியில், அங்கிருந்த முப்பத்தொன்றைத் துணியால் துடைத்து வட்டம் போட்டாள். சரியாகத் துடைபடாமல், வட்டத்துக்குள் அந்த எண் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

பத்து நிமிஷத்துக்கு முன்புதான் அம்மா கூப்பிட்டாள். "லாரியும் வரல, ஒண்ணும் வரலடி. மிச்சப் பழத்தப் பறிச்சுட்டுத்தான் கெளம்பணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இப்ப நடந்து இறங்குற பாதையெல்லாம் நெருப்பு. குழந்தைங்கள வெச்சுக்கிட்டு எங்க ஓடுறது? வண்டி ஏதாச்சும்..." அத்தோடு போன் செத்துவிட்டது.

"சார், அந்த சைபர் பொய். மேனேஜர் புளுகிட்டாரு. எங்கம்மா அங்கதான் இருக்காங்க."

"இருக்காங்கன்னு நீ சொல்றே, காலின்னு அவர் சொல்றாரு. நான் யாரம்மா நம்பறது?"

"பங்களாவுல ஏழு பேர்னு யார் சொன்னா?"

"முதலாளியே போன் பண்ணாரு."

"எங்கேருந்து? ஏழு பேரோட பேரச் சொன்னாரா?"

"இந்த நேரத்துல அவர நிக்கவெச்சு பேர் கேட்கச் சொல்றியா? படிச்ச பொண்ணுதானே நீ!"

படிச்ச பொண்ணு. லைன் வீடுகளிலிருந்து காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். படித்து என்ன கிழித்தாள்? பெற்ற தாயைத் தன் கையாலேயே துடைத்து எறிந்திருக்கிறாள்.

வயர்லெஸ் கரகரத்தது. "சொல்லுங்க கன்ட்ரோல். வண்டி ரெடி."

வீட்டில் அவளைக் கழுதை என்று கூப்பிடுகிற மனுஷன், வயர்லெஸில் மட்டும் மரியாதை தவறமாட்டார். அவளும் இங்கே அவரை 'டேங்கர் நாலு' என்றுதான் கூப்பிடுவாள்.

மைக்கை அழுத்தினாள். "அப்பா... அம்மா..."

அதற்குள் அதிகாரி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "டேங்கர் நாலு, பங்களாவுக்குப் போ. ஏழு பேர் மாட்டியிருக்காங்க. வழியில எங்கயும் நிறுத்தக் கூடாது."

இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல். "சரிங்க சார். பங்களாவுக்கே போறேன்."

அந்த 'சரிங்க சார்' அவளுக்குப் புதிதல்ல. முதலாளி, மேனேஜர், அதிகாரி, எவன் என்ன சொன்னாலும் முப்பது வருஷமாகச் சரிங்க சார். லைன் வீட்டு வளைவைத் தாண்டித்தான் பங்களா. பொண்டாட்டி வேகப்போகிற வாசலைக் கடந்து போகச் சொல்கிறான், அதற்கும் சரிங்க சார்!

இருபது நிமிஷப் பாதை. நாற்பது நிமிஷமாகியும் தகவல் இல்லை. நடுவில் ஒருமுறை வயர்லெஸில் பேச்சில்லாமல் இன்ஜின் முக்குகிற சத்தம் மட்டும் வந்தது. வளைவுக்கு அப்புறம் வருகிற மேடு அது. டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தாலும் அப்பா அதை இரண்டாவது கியரில் ஏறிவிடுவார். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை போயிருக்கிறாள். இன்று வண்டி முதல் கியரிலேயே திணறியது.

"ஓட்டை வண்டி," என்றார் அதிகாரி.

கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து குரல் வந்தது. "லைன் வீடு மொத்தமும் பிடிச்சிருச்சு சார். கூரையெல்லாம் விழுது."

"நல்லவேளை, காலி வீடு," என்று அதிகாரி நேரத்தைக் குறித்துக்கொண்டார். அந்த மார்க்கரைப் பிடுங்கி அவர் கண்ணில் குத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. "கன்ட்ரோல், டேங்கர் நாலு. பங்களாவச் சுத்தித் தண்ணி அடிச்சாச்சு. கல்லுக் கட்டடம், தாங்கிருச்சு. நெருப்பு தாண்டிப் போயிருச்சு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "சபாஷ்! ஏழு பேரும் பத்திரமா?"

"ஏழு பேரா? நான் வந்தப்போ இங்க ஒரு ஈ காக்கா இல்ல சார். கேட்டுல இந்தத் தண்டி பூட்டு. வண்டியால இடிச்சுத்தான் உள்ள வந்தேன்."

அதிகாரி போர்டைப் பார்த்தார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். காலி பங்களாவுக்குத் தண்ணீர், அம்மாவுக்கு நெருப்பு.

"அப்ப... பங்களாவுல யாருமே இல்லியாப்பா?"

"இப்ப இருக்காங்க, முப்பத்தொண்ணு பேரு. போர்டுல திருத்து, கழுதை."