மாதிரிக் கூடு

காட்டில் அரசாங்கக் கூடு கட்டும் டெண்டர் குயிலுக்குப் போய்விட்டது என்று கேட்டதும் தூக்கணாங்குருவிக்கு வயிறு எரிந்தது. ஜென்மத்தில் ஒரு குச்சியைக்கூடத் தூக்கி வைக்காத பிறவி அது! குருவி நேரே ஆந்தை அதிகாரியிடம் போய் ஆட்சேபணை கொடுத்தது.

"நியாயம்தான்ப்பா. ஆனா, நீ கட்டுவேங்கிறதுக்கு மாதிரி வேணுமே?"

கோடையில் நாருக்கு எங்கே போவது? குருவி தன் சொந்தக் கூட்டையே பிரித்து, புதிதாக ஒன்று பின்னி ஒப்படைத்தது.

விசாரணையன்று பார்த்தால், அந்த மாதிரிக் கூட்டுக்குள் குயிலின் முட்டை.

"ஐயா, இது நான் கட்டினது!"

"கூடு வந்தாச்சு, குயிலோட டெண்டர் வேலைதான் முடிஞ்சிடுச்சே. முடிஞ்ச வேலைக்கு ஆட்சேபணை செல்லாது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கூடில்லாமல் குருவி நின்றது.

"அடுத்த டெண்டருக்கு வா," என்றது ஆந்தை. "மாதிரி கொண்டுவர மறந்துடாதே."