இரண்டு பூட்டு தொங்கும் கதவு

மில் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் கதவு நான். ஷிப்ட் முடிந்து வரும்போது ஆளுக்கு ஐந்து செங்கல் சுமந்து வந்து அவர்களே கட்டிய கட்டடம் இது. மெஷின் வந்த பெட்டிப் பலகையில் என்னைச் செய்தார்கள். முப்பது வருஷம் எனக்குப் பூட்டே கிடையாது. போன மாதம் சங்கம் இரண்டாக உடைந்தது. கோஷ்டிக்கொரு பூட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து என் தலையெழுத்து இதுதான்.

"உண்மையான சங்கத்தின் பூட்டு நான்தான்" என்றது பித்தளைப் பூட்டு.

"முதலில் வந்தவன் நான்" என்றது இரும்புப் பூட்டு.

"கொஞ்சம் வாயை மூடித் தொலையுங்கள். ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள்" என்றேன்.

"எந்தக் கோஷ்டி ஆட்கள்?" என்றது பித்தளை.

இன்று காலை மில் வாட்ச்மேன் வந்து என் நெஞ்சில் ஒரு நோட்டீஸை ஒட்டினான்.

"உள்ளே போகத்தானே வந்தாய்?" என்று அதட்டியது இரும்பு.

"சேச்சே, எனக்கு வெளியே போதும்" என்றது நோட்டீஸ்.

"அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டு இரும்பு மறுபடி பித்தளையோடு சண்டைக்குப் போனது.

நூற்புப் பிரிவு செண்பகவடிவு சத்தமாகப் படித்தாள்: "நாளை முதல் மில் மூடப்படும்."

படித்ததும் என்னைப் படபடவென்று தட்டினாள். "உடனே கூட்டம் போடணும், கதவைத் திறங்கய்யா!"

இரண்டு கோஷ்டியின் சாவிக்காரர்களும் அவள் பின்னால்தான் நின்றார்கள். இருவருமே அசையவில்லை.

"திறந்து தொலையுங்களேன்!" என்று நான் கத்தினேன்.

இரண்டு பூட்டும் முதல் தடவையாக ஒரே குரலில் சொல்லின:

"முதலில் அது திறக்கட்டும்."